மலைக் கட்டுரைகளில் தொகுப்புச் சண்டை: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

தமிழ் விக்கிப்பீடியாவில் நீலகிரி, கொடைக்கானல், பழனி மலை பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து கவனித்துக்கொள்கிறவர்கள் அதிகம் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்ற, அவர் அதைத் திரும்ப மாற்ற என்று நீளும் தொகுப்புச் சண்டையில் மனம் கசந்து ஒருவர் விலகிவிட்டால், அவர் வளர்த்த பத்து இருபது ஊர்க் கட்டுரைகள் அப்படியே நின்றுவிடும். கோத்தகிரிப் பக்கம் இருந்து எழுதுகிற எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. புதிதாக எழுத வருகிறவர்கள் அந்த நிலைக்குப் போகாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

நான் பார்த்த வரையில், நம் மலைக் கட்டுரைகளில் சண்டை போடும் இருவரில் ஒருவர் பொய் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் இருவரிடமும் ஒரு உண்மை இருக்கிறது. ஒருவர் ஒரு ஆண்டைப் பற்றிப் பேசுவார், மற்றவர் வேறொரு ஆண்டைப் பற்றிப் பேசுவார். எது பற்றிய சண்டை என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் அறிகுறி எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். கட்டுரையின் மேலே உள்ள ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை அழுத்துங்கள். சண்டை தொடங்குவதற்கு முந்தைய பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். எந்தச் சொல், எந்த எண் மாறியிருக்கிறது என்று பாருங்கள். மாற்றியவர் தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதியிருந்தால் அதையும், பிறகு கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கான உரையாடல் பக்கத்தையும் படியுங்கள். இதை முடிக்கும் வரை எதையும் மீளமைக்க வேண்டாம், அதாவது பழைய பதிப்புக்குத் திருப்ப வேண்டாம்.

அறிகுறி: நேற்று எழுதியது இன்று காணவில்லை

வரலாற்றில் உங்கள் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாரும் அழிக்கவில்லை, அது சேமிக்கப்படவே இல்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போய்ப் போய் வரும் ஊர்களில் இது சாதாரணம். நீளமாக எழுதும்போது கைபேசிக் குறிப்பேட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ‘தொகுப்பு முரண்பாடு’ என்று திரையில் வந்தால், நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வேறொருவர் அதே இடத்தைத் திருத்திச் சேமித்துவிட்டார் என்று பொருள். அவர் எழுதியதன் மேல் உங்களுடையதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அவர் பதிப்பைத் திறந்து உங்கள் வரிகளை மட்டும் சேருங்கள். ஒட்டிவிட்டால் அவர் உழைப்பு போய்விடும், அடுத்த சண்டை அங்கேதான் தொடங்கும்.

வரலாற்றில் உங்கள் தொகுப்பு இருந்து, அடுத்த வரியில் ஒருவர் அதை நீக்கியிருந்தால், மூன்று காரணங்களைச் சோதியுங்கள். நீங்கள் மேற்கோள் தரவில்லையா? நாளிதழில் இருந்தோ அரசுத் தளத்தில் இருந்தோ அப்படியே எடுத்து ஒட்டினீர்களா? அல்லது அவருக்குச் செய்தியிலேயே ஆட்சேபம் இருக்கிறதா? மேற்கோள் இல்லை என்றால் தேடிச் சேர்த்து மறுபடி எழுதலாம். ஒட்டியது என்றால் பதிப்புரிமை மீறல், அதைப் பற்றி வாதாடப் பயனில்லை. செய்தியை உள்வாங்கிச் சொந்த நடையில் எழுதி, மூலத்தை மேற்கோளாகக் காட்டுங்கள். மூன்றாவது என்றால் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே எழுதுவது இப்படி இருந்தால் போதும்:

‘வணக்கம். குன்னூர் கட்டுரையில் தேயிலை பற்றி நான் சேர்த்த பத்தியை நீக்கியிருக்கிறீர்கள். எந்த வரி உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்று சொன்னால், அதற்கு வேறு மேற்கோள் தேடிப் பார்க்கிறேன்.’

கடைசியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் பதிவாகும். ‘ஏன் அழித்தீர்கள்?’ என்று தொடங்கும் செய்திக்கும் இதற்கும் வருகிற பதில் வேறாக இருக்கும்.

அறிகுறி: எண்ணும் ஆண்டும் மாறி மாறி வருகின்றன

நம் பகுதியில் அதிகம் வரும் சண்டை இது. தீர்ப்பதற்கு எளிதானதும் இதுதான்.

நீலகிரி மலை ரயில் எப்போது தொடங்கியது? ஒருவர் 1899 என்பார், ஒருவர் 1908 என்பார். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். பாதை ஊட்டி வரை முடிந்தது 1908-இல். யுனெஸ்கோ குறிப்பைப் பார்த்தால் 1891 என்று இன்னொரு ஆண்டும் இருக்கும். அது கட்டுமானம் தொடங்கிய ஆண்டு. கட்டுரையின் ஓரத்தில் சுருக்க விவரம் தரும் தகவல் பெட்டியில் ‘தொடக்கம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருப்பதால் வருகிற தொல்லை இது. கட்டுரைப் பகுதியில் மூன்று ஆண்டுகளையும், ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். பெட்டியில் ‘1899 (குன்னூர் வரை), 1908 (ஊட்டி வரை)’ என்று இடுங்கள். அதன் பிறகு யாரும் மாற்ற வரமாட்டார்கள்.

கொடைக்கானல் மதுரை மாவட்டமா, திண்டுக்கல் மாவட்டமா? 1985-இல் மதுரையில் இருந்து திண்டுக்கல் பிரிந்தது. அதற்கு முந்தைய எந்த நூலைப் புரட்டினாலும் மதுரை என்றுதான் இருக்கும். மேற்கோளின் பதிப்பாண்டைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

தொட்டபெட்டா விஷயமும் இதுபோலத்தான். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம் என்று யாராவது அன்போடு எழுதிவிடுவார்கள். அதன் உயரம் 2,637 மீட்டர், கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். நீலகிரியில் உயர்ந்தது தொட்டபெட்டா என்று எல்லையைச் சொல்லிவிட்டால் யாருக்கும் குறையில்லை.

மக்கள்தொகையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 7,62,141. 2011-இல் 7,35,394. குறைந்திருக்கிறது. இதைப் பார்க்கிற ஒருவர், பத்து ஆண்டில் மக்கள்தொகை எப்படிக் குறையும், தட்டச்சுப் பிழை என்று நினைத்து இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிடுவார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவரைக் கண்டிப்பதைவிட, ‘இந்த மாவட்டத்தில் இந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்தது’ என்று கட்டுரையிலேயே ஒரு வரி சேர்த்து, அதற்குக் கணக்கெடுப்பு மேற்கோளை இடுங்கள். 2021 கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. அதனால் ‘இன்றைய மக்கள்தொகை’ என்று ஏதோ ஒரு தளம் கணித்துச் சொல்லும் எண்ணைக் கணக்கெடுப்பு எண்ணுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

அறிகுறி: பழைய நூலில் உள்ளதை அந்தச் சமூகத்துக்காரர் அழிக்கிறார்

இங்கே நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிய கட்டுரைகள் பல, ஆங்கிலேயர் காலத்து நூல்களை நம்பி எழுதப்பட்டவை.

ஒரு உதாரணம். தோடர்களைப் பற்றி மானுடவியலாளர் ரிவர்ஸ் எழுதிய பெரிய நூல் 1906-இல் வெளிவந்தது. சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் முறை அன்று இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்த ஒருவர் ‘தோடர்களிடம் இந்த வழக்கம் உள்ளது’ என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார். அதை ஒரு தோடர் இளைஞர் பார்க்கிறார். தன் வீட்டிலோ, மந்து எனப்படும் தன் குடியிருப்பிலோ இல்லாத ஒன்று இருப்பதாக உலகத்துக்குச் சொல்லப்படுகிறது. அவர் அழிக்கிறார். எழுதியவர் ‘மேற்கோள் உள்ள பகுதி நீக்கம்’ என்று காரணம் எழுதி மீளமைக்கிறார். விதிப்படி பார்த்தால் எழுதியவர் பக்கம் சரியாகத் தோன்றும். ஆனால் கட்டுரை தவறாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் மேற்கோள் நூறாண்டுக்கு முந்தைய நிலைமைக்குத்தான் சான்று. இன்றைக்கு அது சான்றாகாது.

தீர்வு வாக்கியத்தில் இருக்கிறது. வினைச்சொல்லைக் கடந்த காலத்துக்கு மாற்றுங்கள். யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள்: ‘இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோடர்களிடையே இவ்வழக்கம் இருந்ததாக ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.’ பிற்கால ஆய்வு எதுவும் கிடைத்தால் அடுத்த வரியில் சேருங்கள். இந்தக் கட்டுரையில் இந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பூத்தையல், எருமை வளர்ப்பு, மொழி, கோயில், இன்றைய வாழ்க்கை எல்லாம் இரண்டு வரியில் முடிந்து, திருமண முறை மட்டும் ஐந்து பத்தி இருந்தால் அந்தக் கட்டுரை நடுநிலையில் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் இருந்தாலும் இல்லை.

அந்த இளைஞரிடம் பேசுகிற முறை எல்லாவற்றையும்விட முக்கியம். விதிகளின் இணைப்புகளை வரிசையாக அவர் பேச்சுப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். ‘நீங்கள் நீக்கிய வரி பழைய நூலில் இருந்து வந்தது. இன்றைய நிலை பற்றி அச்சில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடலாம்’ என்று கேளுங்கள். தன் சமூகத்தைப் பற்றி எழுத வருகிற ஒருவரை நாம் இழக்கவே கூடாது.

அறிகுறி: ‘பெரியவர் சொன்னார்’, ‘நானே பார்த்தேன்’ என்றால் ஏற்கவில்லை

ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எழுபது எண்பது வயதுப் பெரியவர் சொல்லும் ஊர்க்கதைக்கு மதிப்பில்லையா என்று பலர் என்னிடம் வருத்தத்தோடு கேட்கிறார்கள். மதிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் கலைக்களஞ்சியத்தில் எழுதியதை, அதைப் படிக்கிற யாரும் வேறோரிடத்தில் சரிபார்க்க முடிய வேண்டும். பெரியவர் சொன்னதை நீங்கள் நேராகக் கட்டுரையில் எழுதினால் அது சொந்த ஆய்வு. அதையே ஓர் இதழில் கட்டுரையாக வெளியிட்டாலோ, ஒரு கல்லூரி ஆய்வேட்டில் பதிவானாலோ, அது மேற்கோளாகும் தகுதி பெறுகிறது. ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1908-இல் ஃபிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேடு பதிப்புரிமைக் காலம் கடந்தது, இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது மேலே சொன்ன ஆண்டு எச்சரிக்கையை மறக்க வேண்டாம்.

குறிஞ்சிப் பூ விஷயத்தில் ‘நானே பார்த்தேன்’ அடிக்கடி வரும். பழனி மலையில் நீலக்குறிஞ்சி பெருமளவில் பூத்தது 2006-இலும் 2018-இலும். இடைப்பட்ட ஓர் ஆண்டில் ஒருவர் கொடைக்கானலில் நீலப் பூவைப் படம் பிடித்து, ‘இந்த ஆண்டும் குறிஞ்சி பூத்தது’ என்று எழுதுவார். படம் உண்மைதான். ஆனால் அதே பேரினத்தில் பல செடிகள் உண்டு, ஒவ்வொன்றும் பூக்கும் கால இடைவெளி வேறு. நீலக்குறிஞ்சியே அங்கங்கே காலம் தப்பிப் பூப்பதும் உண்டு. படத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றுங்கள். இனம் உறுதியாகும் வரை ‘கொடைக்கானலில் பூத்த குறிஞ்சிப் பேரினச் செடி’ என்று மட்டும் குறிப்பு எழுதுங்கள்.

பழனி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்ற வரிக்கும் வாதம் வருவதுண்டு. பக்தர் அதை வரலாறாக எழுதுவார், மற்றவர் முழுவதையும் நீக்குவார். ‘கோயில் மரபின்படி’ என்ற இரண்டு சொல் போதும். மரபு இருப்பது உண்மை, அதை நீக்க வேண்டியதில்லை.

அறிகுறி: இரு தரப்பும் நூல் காட்டுகிறது, ஒருவரும் இறங்கி வரவில்லை

நீலகிரியில் வாழும் படுகர் சமூகம் பற்றிய கட்டுரைகளில் இது வரும். படுக மொழி தனி மொழியா, கன்னடத்தின் கிளைமொழியா என்பது ஒன்று. படுகர்கள் எங்கிருந்து வந்தார்கள், வந்தவர்கள்தானா என்பது இன்னொன்று. இரண்டும் வெறும் ஏட்டுக் கேள்விகள் இல்லை. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையோடு பிணைந்தவை. அதனால்தான் எழுதுகிறவர்களின் குரல் உயர்கிறது.

மொழிக் கேள்வியில் கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படுகத்தைக் கன்னடத்தின் கீழே தொகுக்கிறது. மொழிகளுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் படுகத்துக்குத் தனிக் குறி இருக்கிறது. மொழியியலாளர்கள் பலர் கன்னடத்துக்கு நெருங்கிய தனி மொழியாக அதைக் கருதுகிறார்கள். இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை, வெவ்வேறு நோக்கத்துக்காகச் செய்த வகைப்பாடுகள். கட்டுரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மூன்றையும் பெயரோடு சொல்லட்டும்.

வருகை பற்றிய கேள்வியில் பால் ஹாக்கிங்ஸ் போன்ற மானுடவியலாளர்கள், விஜயநகரப் பேரரசு சிதைந்த பின் மைசூர்ப் பகுதியில் இருந்து மக்கள் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதை ஏற்காதவர்கள் சமூகத்துக்குள் உண்டு, தாங்கள் இம்மலையின் தொல்குடி என்பது அவர்கள் நிலை. இரண்டையும் எழுதலாம். ஆனால் சம இடம் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வெளிவந்த ஆய்வுகள் எதற்கு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு இடம். ‘சிலர் கூறுகின்றனர்’ என்று மொட்டையாக எழுதினால் உடனே யார் அந்தச் சிலர் என்று கேள்வி வரும். பெயரும் ஆண்டும் போட்டுவிடுங்கள்.

உரையாடல் பக்கத்தில் இருவரும் அலுத்துப்போனால் மூன்றாமவரைக் கூப்பிடுங்கள். அவர் மலைக்காரராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தால் நல்லது. அதுவும் போதவில்லை என்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியில் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் தரப்பை மட்டும் சொல்லாமல், எதிர்த்தரப்பின் வாதத்தையும் அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டு இணைப்பையும் தாருங்கள். இப்படி எழுதினால் வெளியாள் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்.

அறிகுறி: ஒரே நாளில் பல முறை மீளமைப்பு

நிறுத்துங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. மூன்று என்பது உங்களுக்கான பங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கருத்தில் இரண்டாவது மீளமைப்பே தேவையில்லாதது. முதல் முறை மீளமைத்துக் காரணம் எழுதினீர்கள், அவர் மறுபடி மாற்றினார் என்றால் இனி பேச்சுதான். பேசி முடியும் வரை கட்டுரையில் பிடிக்காத வரி இரண்டு நாள் இருந்தால் இருக்கட்டும்.

ஒரே விலக்கு, உயிரோடு இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத குற்றச்சாட்டு. உள்ளூர் அரசியல்வாதி, எஸ்டேட் உரிமையாளர், யாரானாலும் சரி. அதை உடனே நீக்கிவிட்டு நிருவாகிகளுக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: திடீரென்று ஐந்து புதிய கணக்குகள், ஒரே கருத்து

ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘நம்ம ஊரைப் பற்றித் தப்பா எழுதுறாங்க, எல்லாரும் போய் மாத்துங்க’ என்று போட்டிருப்பார்கள். விக்கிப்பீடியாவில் தலை எண்ணி முடிவெடுப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஐந்து பேர் வந்ததைவிட ஒருவர் ஒரு மேற்கோளோடு வந்தால் வலு அதிகம். ஒரே ஆள் பல கணக்கு வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் அதை உரையாடல் பக்கத்தில் வீசாதீர்கள், நிருவாகிகளிடம் சொல்லுங்கள். மலையில் ஒரே கைபேசி நிறுவனத்தின் ஒரே இணைய (ஐ.பி.) முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வது சகஜம். முகவரி ஒன்றாக இருப்பதால் மட்டும் ஆள் ஒன்று என்று ஆகிவிடாது.

இதே காரணத்தால், எதுவும் செய்யாத உங்களுக்கும் ‘தடை செய்யப்பட்டுள்ளது’ என்று வரலாம். கணக்கு உருவாக்கி உள்நுழைந்து தொகுங்கள். அப்போதும் தடை வந்தால் அறிவிப்பில் உள்ள எண்ணைக் குறித்து நிருவாகியிடம் விலக்குக் கேளுங்கள்.

அறிகுறி: விடுதிகளின் தொலைபேசி எண்கள்

கொடைக்கானல், குன்னூர், ஊட்டிக் கட்டுரைகளில் சீசன் நெருங்கும்போது பாருங்கள். நீக்குங்கள், பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், போதும். விடுதி உங்களுடையது என்றால், கட்டுரையில் கை வைக்காமல் உரையாடல் பக்கத்தில் தெரிவியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு தொகுப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி.

அறிகுறி: ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று தலைப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது

தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும், வேறு பெயரில் இருந்து கட்டுரைக்குக் கொண்டுவிடும் வழிமாற்று எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தப் பெயரில் தேடினாலும் கட்டுரை கிடைக்கும். பேசி முடிவெடுக்காமல் பக்கத்தை நகர்த்த வேண்டாம்.

அறிகுறி: தவறான பதிப்போடு கட்டுரையைப் பூட்டிவிட்டார்கள்

நிருவாகி பூட்டும்போது எது சரி என்று தீர்ப்பளிப்பதில்லை. அந்த நேரத்தில் எது இருந்ததோ அதுதான் நிற்கும். பூட்டுக்காலத்தை உரையாடலுக்குப் பயன்படுத்துங்கள். எழுதிப் பழகும் பக்கமான உங்கள் மணல்தொட்டியில் இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு பத்தியை எழுதிப் பார்த்து, உரையாடல் பக்கத்தில் இணைப்புக் கொடுத்து, ‘இதில் எந்தச் சொல் உறுத்துகிறது?’ என்று கேளுங்கள். கட்டுரை முழுவதையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முடிவு பக்கத்தில் வந்துவிட்டது.

அறிகுறி: சண்டை தீர்ந்து ஆறு மாதம் கழித்து அதே திருத்தம் மறுபடி வருகிறது

வந்தவர் புதியவர், பழைய பேச்சு அவருக்குத் தெரியாது. முன்பு எடுத்த முடிவை உரையாடல் பக்கத்தின் மேற்பகுதியில் தேதியோடு, மேற்கோளோடு, நான்கு வரியில் எழுதி வையுங்கள். கட்டுரையின் தொகுப்புப் பெட்டிக்குள், சர்ச்சைக்குரிய எண்ணுக்குப் பக்கத்தில் <!-- 2011 எண் 2001-ஐவிடக் குறைவு, இது பிழையல்ல, உரையாடல் பக்கம் பார்க்கவும் --> என்பது போல ஒரு மறைகுறிப்பு இடுங்கள். படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது, தொகுக்க வருகிறவருக்கு மட்டும் தெரியும். புதிய மேற்கோளோடு ஒருவர் வந்தால் பழைய முடிவைக் காட்டிக் கதவை மூடாதீர்கள், அதைத் திறந்து மறுபடி பேசுங்கள்.